மார்கழிப் பிரசாதம்

முக்கூடல்
18.1.96

அத்தான்,

நம்ம கோமு மனசுக்கான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று பம்பாய்க்கு எழுதினேனே, சாப்பிடுவது மாத்திரை என்று அவளுக்கே தெரியாது. "பதினாலு வயசுப் பிள்ளை, அவகிட்ட சொல்லிட்டே மாத்திரையக் குடுங்கம்மா" என்றுதான் டாக்டர் சொன்னார். பெத்தவளுக்கு இவர் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்.

மார்கழி முழுக்க, கோயிலில் வாங்கிவந்த பொங்கலில் பொடித்துக் கலந்தேன். அவள் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

போகிக்கு வீடு ஒதுக்கும்போது, பிரசாதத் தூக்குவாளிக்குப் பின்னால் நான் ஒளித்திருந்த காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டாள். "பொங்கல்லயாம்மா?" என்றாள்.

நாலு நாளாக மாத்திரையும் இல்லை, என் கையால் ஒரு வாய்ச் சோறும் இல்லை. இன்றைக்குத்தான் தண்ணீர் கேட்டாள். ஓடிப்போய்க் கொடுத்தேன். டம்ளரை என் பக்கமே நீட்டி, "மொதல்ல நீ குடிம்மா" என்றாள்.

குடித்தேன், அத்தான்.

இப்படிக்கு,
உங்களுக்கும் பொய் எழுதினவள்