கறுப்புப் பசுவை விற்க வேண்டாம்

பிரான்சிஸ்டவுன், போட்ஸ்வானா

அம்மா, நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் நானும் அப்படியே. முழங்கால் வலி தேவலையா?

இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டேன். நான் பணம் சேர்க்கச் சேர்க்க அரசாங்கம் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனது. இந்த முறை ஓவர்டைம் தைத்து முந்திக்கொண்டேன். குடியேற்ற அலுவலகத்தில் ஒருத்தருக்கும் நன்றி சொல்லக் கூடாது என்ற ஆத்திரத்தோடுதான் போனேன். ஆனால் அவர்கள் ரசீதை நீட்டியதும், எதையும் வாங்குமுன் நன்றியாகக் கை குவித்துத் தட்டும் நம் பழக்கம் விடவில்லை. பாழாய்ப்போன கைகள் தாமாகவே தட்டிவிட்டன, முழங்காலும் மடங்கியது! வரிசையே சிரித்தது.

கவுண்டரில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "இம்புட்டுப் பணத்தையும் வாங்கிக்கிட்டது நாங்க. நீ எதுக்கும்மா தட்டுறே?" என்று எழுந்து, என்னைப் போலவே கை குவித்து எனக்குத் தட்டினாள். நானும் நிமிர்ந்து நின்று அதை வாங்கிக்கொண்டேன்.

எல்லை தாண்டி இங்கே வரும் நம் ஊர் பஸ் டிரைவரிடம் காய்ந்த கீரையும் நீங்கள் அரைத்த வேர்க்கடலை விழுதும் கொடுத்தனுப்புங்கள். கடையில் விற்பது, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் தொண்டையில் இறங்குவதில்லை.

தையல் கடையைத் திறந்துவிட்டார்கள், ஓடுகிறேன். கட்டணத்துக்காகக் கறுப்புப் பசுவை விலை பேசினீர்களே, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேட்டால் சொல்லுங்கள், மகளே கட்டிவிட்டாள் என்று.

உங்கள் ஷூவாய்