மாமியோடு கோடைக்கானல்

15.4.37 வியாழன், கல்லடி

விடிந்ததிலிருந்து புழுக்கம். காற்று ஒரு பொட்டும் இல்லை. வருடப்பிறப்புப் பலகாரம் முடிய முன்னமே மூட்டை கட்டு. பின்னேர ரயில்.

கொண்டுபோவது: பாய், தலையணை, மாமா ஓவசியர் வேலையில் இருந்த காலத்துக் கம்பளி (பூச்சி உருண்டை வாசம்), தண்ணீர்க் கூசா, பொரிவிளங்காய், குடைகள், கருவாடு ஒரு பொதி. கருவாட்டைப் பழனி முடியும் வரை தொடக் கூடாது. மாமியின் கட்டளை.

மாமிக்குப் பழனியில் ஒரு நேர்த்திக்கடன். மாமாவோ ஓய்வு பெற்ற நாள் முதல் கோடைக்கானல், கோடைக்கானல் என்று செபிக்கிறார். அங்கே ஏரிக்கரையில் அவருடைய சிநேகிதர் ஒருவரின் வீடு சும்மா கிடக்கிறதாம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். பூரணத்துக்குக் கால் நிலத்தில் இல்லை. (பெண்சாதியின் பேர் இனி இந்தக் கொப்பியில் பூ. மட்டும். மை மிச்சம்.)

எனக்குத்தான் வேறு யோசனை. மலைநாட்டுப் பதுளையில் தலைமை வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. மே முதலாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும். வேலை வேண்டும். பூ. இல்லாமல் வேண்டாம். பூ. வருவதென்றால் மாமி சம்மதிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, புருசன் வந்து சேர்ந்தவன். சீதன வீட்டை விட்டுவிட்டுப் பெண் புருசனுக்குப் பின்னால் போனால் ஊர் ஒரு வருடத்துக்கு வேறு கதை கதைக்காது.

மாமாவிடம் மெல்ல எடுத்தேன். "அது மாமிர விசயம், மனே. நானும் இந்த வீட்டுக்கு வந்த ஆள்தானே" என்று கையை விரித்துவிட்டார்.

மாமியிடம் எப்படிக் கேட்பது? மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது முறையில்லை. கல்யாணம் முடித்து இரண்டு வருடம், ஒரே கூரை, ஒரு சொல் நேராகக் கதைத்ததில்லை. நான் விறாந்தையில் என்றால் அவர் கதவுக்குப் பின்னால். "புள்ள, மருமகனைச் சாப்பிட வரட்டாம்." நான்: "இந்தா வாறன் எண்டு சொல்லு." நடுவில் பூ., தந்திக் கம்பி மாதிரி.

எப்படியும் திரும்பி வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். எழுதி வைத்தாயிற்று, இனிப் பின்வாங்க ஏலாது.

17.4.37 சனி, தனுஷ்கோடி

ரயிலில் கதவு இல்லை, மறைவு இல்லை. மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். கழுத்து நொந்திருக்கும், பாவம். மாகோவில் வண்டி மாற வேண்டும். பூ. நல்ல உறக்கம், மாமா அதைவிட. மாமி கூசாவைப் பார்த்துச் சொன்னார்: "மாகோ வந்திட்டுது போல."

நானும் கூசாவுக்கே பதில் சொன்னேன்: "ஓம். மூட்டைய நான் எடுக்கிறன்."

மாமா கண்ணை விழித்து, "ஆரோட கதைக்கிறா?" என்றார்.

கப்பலில் பூ.விடம் கெஞ்சினேன், நீ கேளேன் என்று. மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். "நான் கேட்டா, நான்தான் அம்மாவை விட்டுட்டுப் போக நிக்கிறன் எண்டு நினைப்பா. நீங்க கேளுங்க."

"உனக்குப் போக ஆசை இல்லையா?"

"ஆசைதான். அதாலதான் கேக்க ஏலா."

பிறகு கதைக்க முடியவில்லை. கடல் கொஞ்சம் ஆட, அவள் வாந்திக்கு வைத்திருந்த கிடாரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

19.4.37 திங்கள், கோடைக்கானல்

பழனி நேற்று முடிந்தது. மாமாவுக்கு மொட்டை. தொப்பி இல்லாமல் மலை ஏறப்போகிறோம் என்று அப்போது யாருக்கும் நினைவு வரவில்லை.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கண்டக்டர்: "தலைய வெளிய நீட்டாதீங்க, எலுமிச்சம்பழம் வேணுங்கிறவங்க சொல்லுங்க." எல்லோரும் சொன்னோம். பாதிவழியில் ஒரு கடை. நாங்கள் கதைப்பதைக் கேட்ட கடைக்காரர், "நீங்க மலையாளமா?" என்றார். மாமிக்கு ரோசம் வந்துவிட்டது. முக்காட்டுக்குள்ளிருந்தே, "நாங்க மட்டக்களப்பு!" கடைக்காரர் யோசித்தார். "திருநெல்வேலிக்கு அங்கிட்டா?"

மேலே வந்து இறங்கியதும் மூக்கு எனக்குச் சொந்தமில்லை என்பது போல ஒரு குளிர். ஏரி அழகு. எங்கள் வாவியைப் போல அகலமில்லை, உப்பு வாசம் இல்லை, மீன் துள்ளும் சத்தம் இல்லை. சுற்றிலும் மரம், மரத்துக்கு மேலே முகில். பூ. வாயைத் திறந்தபடி நின்றாள். வாயிலிருந்து புகை வந்தது, பயந்து மூடிக்கொண்டாள்.

வீடு: அறை இரண்டு. குளிர்காய்கிற கணப்பு ஒன்றே ஒன்று, முன்னறையில். இதில்தான் சிக்கல்.

20.4.37 செவ்வாய்

மழைத் தூறல். பேரிக்காய் வாங்கினோம், கல்லு. பூ. அவித்துப் பார்த்தாள், இன்னும் கல்லு.

கணப்பு முன்னறையில். நான் முன்னறையில் இருந்தால் மாமி வரமாட்டார், உள்ளறையில் நடுங்குவார். அதனால் பின்னேரம் உலாவப் போகிறேன் என்று வெளியே கிளம்பினேன். ஏரியை ஒரு சுற்று. பற்கள் தாளம் போட்டன. மாமி நெருப்புக்குக் கிட்ட இருக்கட்டும் என்று நினைத்ததும் மனசுக்கு ஒரு திருப்தி. இன்னொரு சுற்றும் போனேன்.

கேட்கவில்லை. நாளை.

22.4.37 வியாழன்

தடிமன். தும்மல். நேற்றும் உலாத்து, அதன் பலன்.

இன்று பூ. சொன்னாள், சிரிப்பை அடக்கமாட்டாமல். நான் ஏரியைச் சுற்றுகிற நேரம் மாமி ஒருநாளும் நெருப்புக்குக் கிட்ட வரவேயில்லையாம். "மருமகன் நனைஞ்சு வருவார், இடம் விடவேணும்" என்று உள்ளறையிலேயே மாமாவின் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருந்தாராம். விறகு முழுவதும் எரிந்தது மாமாவின் மொட்டைக்கு மட்டும். அவர் கணப்புக்கு முன்னால் காலை நீட்டிக் குறட்டை.

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. இரண்டு வளர்ந்த ஆட்கள், ஒரு நெருப்பு, ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து இரண்டு பேருக்கும் தடிமன். மாமியை நான் கண்டிப்பானவர் என்றே இதுவரை நினைத்திருந்தேன். அப்படி நினைக்கிற அளவுக்குக்கூட அவரை எனக்குத் தெரியாது.

23.4.37 வெள்ளி

வெயில்! மாமாவுக்கு உற்சாகம் பிடித்து, எல்லோரும் படகு என்றார். வாடகைப் படகு. படகுக்காரர் கூட வருவதாகச் சொல்ல, மாமா மறித்தார். "என்ர மருமகன் வாவிக்கரைப் பழுகாமத்தான். தண்ணியில பிறந்த ஆள்."

பிறந்தேன், ஆனால் தோணியில். தோணியில் பின்னால் நின்று கோல் ஊன்றுவோம், முன்னால் இருப்பவர்களின் முதுகுதான் தெரியும். இந்தப் படகு வேறு மாதிரி. இரண்டு துடுப்பு. வலிக்கிறவன் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி, ஏறியிருப்பவர்களுக்கு முகத்தைக் காட்டி இருக்க வேண்டும். மாமா எனக்குப் பின்னால் முன்நுனியில் போய்ச் சாய்ந்துகொண்டார். மாமியும் பூ.வும் எனக்கு நேர் எதிரே. முழங்காலுக்கு முழங்கால் முட்டாத குறை. இறங்கிப் போகவும் வழியில்லை, கதவும் இல்லை. மாமி முக்காட்டை மூக்கு வரை இழுத்துத் தண்ணீரைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்து வலித்தேன். கரையில் இரண்டு தரம் மோதினேன்.

நடு ஏரியில் துணிந்தேன். பூ.வைப் பார்த்து: "பூரணம், பதுளைக்குப் பதில் எழுத வேணும். உன்னையும் கூட்டிட்டுப் போக அம்மாக்குச் சம்மதமா எண்டு கேள்."

மாமியும் பூ.வைப் பார்த்து: "வீட்டுக்காரி வீட்டை விட்டுட்டு எங்க போறதாம் எண்டு கேள், புள்ள."

பூ. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே? எனக்கு வாய் நோகுது." திரும்பிக்கொண்டு கையைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். இப்படி ஒரு பெண்சாதி!

துடுப்பை நிறுத்தினேன். படகு தன்பாட்டில் மிதந்தது.

"மாமி" என்றேன். அந்தச் சொல்லை அவருக்குச் சொல்வது இதுதான் முதல் தரம். "எனக்கு அங்க தனியப் போகப் பயமில்ல. ஆனா பூரணம் இல்லாம இருக்க ஏலா. அவ்வளவுதான்."

மாமி கோபிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். முடிந்தவரை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"எனக்கு இருவது வயசு. இவருக்கு அனுராதபுரத்துக்கு மாற்றம் வந்திச்சி. நானும் வாறன் எண்டன். எங்கட அம்மா விடல்ல. வீடு உன்ர பேரில, நீ போனா ஆரு விளக்கு வைக்கிற எண்டா. மறுகா எத்தின வருசம். இடைக்கிட வருவார், ரெண்டு நாள் நிப்பார், போவார். நல்ல பீங்கானை எடுத்து விருந்தாளிக்குப் போடுற மாதிரிச் சோறு போடுவன். அங்க அவர் என்ன திண்டார், எந்தப் பக்கம் தலை வெச்சிப் படுத்தார், எனக்கு ஒண்டும் தெரியா. இண்டைக்கும் தெரியா."

பூ. கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். இது அவளுக்கும் புதிது.

எனக்குப் பின்னால், உறங்குகிறார் என்று நான் நினைத்த மாமாவின் குரல்: "ஸ்டேசனுக்குப் பின்னால, குளத்துக்குப் போற றோட்டில. வாசல்ல ஒரு நாவல் மரம்."

கொஞ்சம் பொறுத்து: "சமையல்காரன் உப்பைக் கூடப் போடுவான்."

யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பவும் வலித்தேன். கரைக்கு வந்ததும் மாமி பூ.வின் கையைப் பிடித்து இறங்கினார். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

24.4.37 சனி

பதில் இல்லை. ஆனால் நேற்று மாலை மாமி முன்னறைக்கு வந்து கணப்புக்குக் கிட்ட உட்கார்ந்தார். எனக்கு முதுகைக் காட்டித்தான். உட்கார்ந்தாரே! மாமா தன் காலை மடக்கி இடம் விட்டார், அதுவும் முதல் தரம். கொத்தமல்லித் தண்ணி ஒரு கோப்பை என் பக்கம் நகர்ந்து வந்தது. தடிமனுக்கு நல்லது என்று யாரும் சொல்லவில்லை, நானே விளங்கிக்கொண்டேன்.

கடைத்தெருவில் பூ. ஒரு நீலக் கம்பளிச் சட்டையைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து வைத்தாள். வாங்கேன் என்றேன். "பதுளைக்குப் போறதெண்டாத்தான் வாங்குவன். கல்லடியில இதைப் போட்டா ஊர் சிரிக்கும்." வாங்காமல் வந்துவிட்டோம். வழியெல்லாம் அந்தச் சட்டை என்னோடு நடந்தது.

அவளுக்கும் பயமாம். தெரியாத ஊர், தெரியாத சனம், மழை. "ஆனா ஒரே வீட்டில உங்களோட நானாச் சமைச்சு நானா ஏசி இருந்து பாக்க வேணும்." எனக்கு அவளை எவ்வளவு பிடிக்கும் என்று இங்கே எழுதுகிறேன். வேறு எங்கே எழுதுவது?

26.4.37 திங்கள்

இறக்கம். மூட்டை ஏற்றப் போகும்போது அந்த நீலக் கம்பளிச் சட்டை பூ.வின் பெட்டிக்குள், மடித்து, மேலாக. நான் வாங்கவில்லை. அவளும் இல்லையாம். மாமாவைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், மனே?" மாமியை யார் கேட்பது? இது ஓம் என்றா அர்த்தம்? அல்லது ஏமாந்த பிள்ளைக்கு ஒரு ஆறுதலா? மலை இறங்கும் வரை மண்டையைக் குடைந்துகொண்டே வந்தேன். எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை, வாந்திக்கு மனசில் இடமில்லை.

28.4.37 புதன், ரயிலில்

தலைமன்னாரில் இரவு தங்கிக் காலை வண்டி. வெக்கை திரும்பவும். ஜன்னல் கம்பி சுடுகிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பதில் எழுதியாக வேண்டும், எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

அனுராதபுரம் தாண்டியாயிற்று. நடந்ததை உடனே எழுதி வைக்கிறேன்.

அனுராதபுரம் ஸ்டேசன். மாமி எழுந்து தன் துணிமூட்டையைக் கையில் எடுத்தார். மாமா திகைத்துப் போனார். "என்ன புள்ள, இஞ்ச என்னத்துக்கு ஒழும்புறா?"

"இறங்குங்க. அந்த வீட்டைக் காட்டுங்க."

"அதில இப்ப வேற ஆரும் இரிப்பாங்க."

"இரிக்கட்டும். வெளிய நிண்டு பாத்துட்டு வருவம்."

மாமா குடையைத் தேடினார், செருப்பைத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. பூ. எடுத்துக் கொடுத்தாள். மாமி வாசலில் நின்று திரும்பினார். முக்காடு தோளில் கிடந்தது, இழுத்து விடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் பூ.வின் கண்ணைப் போலவே இருக்கிறது, எனக்கு இதுவரை தெரியாது.

"மருமகன்" என்றார், என்னிடமே. "நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க, நாங்க அடுத்த வண்டியில வாறம். போனதும் பதிலை எழுதிப் போடுங்க. அவளுக்கு வேண்டிய சாமானைக் கட்டி வைங்க. வீட்டை நினைச்சு யோசிக்க வேணாம். வீடு பாக்கிறது எனக்குப் பழக்கம்."

நான் ஓம் மாமி என்றேன்.

வண்டி நகர்ந்தது. பூ. ஜன்னலால் எட்டிப் பார்த்து அழுதாள், சிரித்தாள். மேடையில் மாமா குடையை நீட்டி எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தார். மாமி அதற்கு முன்னமே நடக்கத் தொடங்கிவிட்டார்.