வாய் நிறையப் பஞ்சு

12.03.1994, சனி

கட்டாரிலிருந்து இவர் கோல் எடுப்பார் என்று கல்முனை கொமினிகேஷன் கடையில் டெலிபோனுக்குப் பக்கத்திலேயே இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். கதைத்தது இவர் இல்லை, இவருடைய அறையில் இருக்கும் அக்கரைப்பற்று நானா.

"பயப்படாதீங்க தங்கச்சி. ராவெல்லாம் பல்லுக்குத்து, கன்னம் வீங்கிட்டு. காலையில நான்தான் கூட்டிப்போய்ப் புடுங்க வெச்சன். வாய் நிறையப் பஞ்சு, மாப்பிள்ளைக்குக் கதைக்க ஏலா. பக்கத்துலதான் நிக்கிறார். என்ன சொல்லணும், சொல்லுங்க."

தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதை முகம் தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

"உப்புத் தண்ணியால கொப்புளிக்கச் சொல்லுங்க" என்றேன்.

பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "ம்" என்றார். இவர்தான்.

"மச்சான்" என்றேன். மறுபடியும் "ம்." அதற்குமேல் எனக்கும் வாய் வரவில்லை. லைன் அறுந்த பிறகும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.