ஒருத்தரும் நிற்காத முற்றம்

அன்பு மகள் ஹலோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, தம்பி மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கண்ணை உருட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் நான் ஒன்று சொன்னால் நீ நாலு சொல்வாய், நான் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவேன், இது தலையாட்டுகிற விஷயம் இல்லை, அதனால்தான் காகிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார், அதற்கென்றே ஒரு நாளைக்கு ஆறு தடவை மொட்டை மாடிக்குப் போய்த் துணி காய்ந்ததா என்று பார்க்கிறாள். தம்பி நம் மைக் செட்டுக்குப் புதிதாக நாலு பெட்டி ஸ்பீக்கர் வாங்கிப் போட்டிருக்கிறான். பழைய குழாய் ஸ்பீக்கரைவிட அதில் பேச்சு சுத்தமாகக் கேட்கிறது என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அவனிடம் சொல்லிவிடாதே, அப்புறம் அவனைக் கையில் பிடிக்க முடியாது.

போன வாரம் நீ வரைந்த புது மாநகராட்சிக் கட்டடத்தின் மாதிரியை, பழைய அலுவலகக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மேயர் திறந்து வைத்தார். விழாவுக்கு மைக் செட் யார்? நாம்தான், வேறு யார்? பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, பலகையில் உன் பெயர். அம்மா அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொடக் கூடாதும்மா என்று காவலாளி சொல்ல, பெத்தவ தொட்டா தேஞ்சா போயிரும் என்று இவள் ஒரு போடு போட்டாள், அந்த மனுஷன் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது மகளே. கண்ணாடி முகப்பு, அதற்கு முன்னால் வானம் அப்படியே தெரிகிற மாதிரி தண்ணீர்க் குளம், ஓரமாகக் கல் பாதை, என்ன அழகு! மக்களுக்குத் திறந்த கட்டடம் என்று நீ எழுதியிருந்ததை நாலு முறை வாசித்தேன். அப்புறம் நீ ஒட்டி வைத்திருந்த குட்டிக் குட்டிக் காகித மனிதர்களை எண்ணினேன், கூட்டத்தைக் கண்டால் எண்ணுவது நம் தொழில் புத்தி. இருபத்து மூன்று பேர். எல்லாரும் நடக்கிறார்கள். நின்று, அண்ணாந்து மாடி ஜன்னலைப் பார்க்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. சரி, காகித மனிதருக்கு என்ன குறை இருந்துவிடப் போகிறது என்று அதோடு விட்டுவிட்டேன்.

விழா முடிந்து மேடையில் டீ கொடுத்தார்கள். வெளியே கட்டிய ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் குமிழைத் திருகிக் குறைத்துவிட்டேன், மேடை மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் செய்யாத தப்பு, உன் பெயரைப் பார்த்த மயக்கத்தில் செய்தேன். சரிபார்க்க என் மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பேனே, அதில் மேயர் குரல் வந்தது. பக்கத்தில் நின்ற பொறியாளரிடம் சொல்கிறார், அந்தக் குளம் ஒண்ணு போதும்யா, இனிமே எவனும் முன்னாடி வந்து நின்னு கத்த முடியாது, அந்தப் பொண்ணு தனக்கே தெரியாம நம்ம வேலைய முடிச்சுக் குடுத்துருச்சு என்று. சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கேட்டது நானும் அம்மாவும் மட்டும்தான். வெளி ஸ்பீக்கர் குமிழ் என் கட்டை விரலுக்கடியில் இருந்தது. ஒரு திருகு திருகியிருந்தால் அந்தச் சிரிப்பைத் தெருவே கேட்டிருக்கும். திருகவில்லை. மைக்கை அணைத்துவிட்டேன். பலகையில் இருந்தது என் பெண்ணின் பெயராயிற்றே. இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை. எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டியவன், இந்த மேயருக்கும் கட்டியவன். பழைய கட்டடத்துக்காகவும் அழவில்லை, அது ஒழுகுகிறது, கழிவறைப் பக்கம் போக முடியாது, நாளைக்கே இடித்தால் நானே ஒரு கடப்பாரை எடுத்துக்கொண்டு வருவேன். ஆனால் அதை இடித்துவிட்டு நீ குளம் வைக்கப் போகிற அந்த முன் முற்றம் இருக்கிறதே, மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் தெரு, இந்த ஊரில் மைக் இல்லாமல் பேசினால் மாடி வரைக்கும் கேட்கிற இடம் அது ஒன்றுதான். யாரும் திட்டம் போட்டு அப்படிக் கட்டவில்லை, வண்டி நிறுத்தத்தான் கட்டினார்கள், ஜனங்கள் வந்து நின்று நின்று அதை வேறாக்கிவிட்டார்கள். உனக்கு மூன்று வயதில் பிரசவ வார்டை ஊருக்கு வெளியே மாற்றப் போகிறோம் என்றார்கள். உன் அம்மாவும் மற்றப் பெண்களும் போய் நின்றார்கள், மைக்குக்கு அனுமதி கிடையாது என்றுவிட்டார்கள், நான் செட்டை வண்டியிலேயே வைத்துக்கொண்டு கை பிசைந்தேன். இவர்கள் வெறும் தொண்டையில் பேசினார்கள். மேலே ஆணையர் ஜன்னலைச் சாத்தினார், சாத்தியும் கேட்டது, சாயங்காலம் இறங்கி வந்தார். உன் தம்பி பிறந்தது அந்த வார்டில்தான். உன் குளத்தின் அளவைப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன், நூற்றிருபது அடிக்கு அறுபது அடி. ஆளுக்கு நாலு சதுர அடி என்பது நம் கணக்கு, அப்படிப் பார்த்தால் ஆயிரத்து எண்ணூறு பேர் நிற்கிற இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். மிச்சம் இருக்கிற பாதையில் நாலு பேர் நின்றால் வழியை மறிக்கிறார்கள் என்று சொல்லலாம். கட்டடம் பேசும் என்று போன தடவை எழுதியிருந்தாய், எனக்கு அதெல்லாம் புரியாது, அதற்குக் காது இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

உன்மேல் தப்பு என்று ஒரு சொல்கூட நான் சொல்லவில்லை. அழகாக இருக்கட்டும் என்று நீ வைத்தாய், அதை அவர்கள் தங்களுக்குத் தோதாக எடுத்துக்கொண்டார்கள். நீ மாற்றினால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடவும் கூடும், அதுவும் எனக்குத் தெரியும். ஏழு வருஷம் படித்து, ஊரைவிட்டுப் போய், கண் கெட உட்கார்ந்து வரைந்த முதல் கட்டடம். அதனால்தான் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலில் அம்மாவும் எழுத வேண்டாம் என்றாள், புள்ள மனசு ஒடிஞ்சிரும் என்றாள். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, நாளைக்கு எவளாவது நிக்க இடமில்லாம திரும்பிப் போனா அது நம்ம புள்ள பேருக்குத்தானே வந்து சேரும், எழுதுங்க, கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன் என்றாள். மாதக் கடைசியில் இறுதி வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். நீ கையெழுத்துப் போட்டாலும் என் மகள்தான், போடாவிட்டாலும் என் மகள்தான். திறப்பு விழாவுக்கு மைக் கட்டக் கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வந்து ஓரமாக நின்று கை தட்டுவேன்.

மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்லி மூன்று மாதமாகிறது, மாற்று. குளிர் என்று குளிக்காமல் இருக்காதே, அம்மா எழுதச் சொன்னாள், நான் சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், எடுத்த காரியம் கைகூடி, நூறு வயது நீ நிறைவாக வாழ வேண்டும். கடைசியாக ஒன்று. ஆறு வயதில் உன்னை மைதானத்துக் கடைசியில் நிறுத்திவிட்டு நான் மைக்கில் மெதுவாக ஹலோ என்பேன், கேட்டால் நீ கையைத் தூக்க வேண்டும், தெருவே உன்னை ஹலோ என்று கூப்பிட ஆரம்பித்தது அதனால்தான். ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போகவோ, அப்பா முகம் வாடக் கூடாது என்றோ, என் குரல் கேட்காமலே கையைத் தூக்கிவிட்டாய். அன்றைக்குப் பின்வரிசைக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. நீளமாகப் பதில் எழுத வேண்டாம். நான் சொன்னது கேட்டிருந்தால் கையைத் தூக்கு. கேட்காவிட்டால் அப்பாவுக்காகத் தூக்காதே.

முத்தங்களுடன்,
மேடைக்குப் பக்கத்தில் நின்று உன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா