பட்டியலில் இல்லாத மாலுமி

ஜெனீவா, மார்ச் 1915

அன்புள்ள மாலுமி,

நீ பிரெஞ்சுப் படையில் சேர்ந்த பிறகு, நாடு கடந்து வந்த ரஷ்யர்களான நம் சாப்பாட்டுக் கூடத்தில் போரை ஆதரிப்பவர்களுக்குத் தனி மேசை. நான் எதிர்ப்பவர்களோடுதான் உட்காருகிறேன். என் கருத்து மாறவில்லை.

பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இறந்த ரஷ்யர்களின் பட்டியல் பாரிஸ் பத்திரிகையில் வருகிறது. அதில் மாலுமி என்று யாரும் இருக்கப்போவதில்லை. புரட்சி இயக்கத்தில் நாம் வைத்துக்கொண்ட மறைவுப் பெயர்கள் படையில் செல்லாது. உன் நிஜப்பெயரை, கூடத்தில் சமைக்கும் அக்சின்யாவிடம் கேட்டேன்.

"பட்டாளத்துக்காரன் பேரு உனக்கெதுக்குடி? நாலு வருஷம் கூடவே சுத்தினியே, கேட்டுக்கலையா?" என்று சிரித்தாள்.

கேட்கக் கூடாது என்பதுதானே நம் கட்டுப்பாடு.

இதைக் கொண்டுவருபவருக்கு உன் முகம் தெரியும். விவாதம் வேண்டாம். பெயரை மட்டும் எழுதி அனுப்பு. அதுவரை பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவனும் எனக்கு நீதான்.

எதிர் மேசையிலிருந்து,
உன் தோழி