நீங்கள் ஏற்றி வைத்த அறுபது கிலோ

என் பாசத்துக்குரிய அண்ணனுக்கு,

எலப்புள்ளியில் நேற்று நல்ல மழை. உங்கள் லாரியை வாங்கியவர் வாளையாருக்குப் போகும்போதெல்லாம் நம் வீட்டு முன்னால் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார். அந்தச் சத்தத்துக்கு அண்ணி இன்னும் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருகிறார். அப்படி அடிக்க வேண்டாமென்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லட்டுமா அண்ணா?

ஆனால் இந்தக் கடிதம் வேறொரு வண்டியைப் பற்றியது. நம் டிவியில் ஓடிய அந்தச் சின்ன சிவப்புக் கார்.

இதயம் பலவீனம், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல்தான் அந்த ரேஸ் கேமை வாங்கி வந்தேன். "சின்னப் பசங்க வெளையாட்டு, இவரு எங்க வெளையாடப் போறாரு" என்று அண்ணி சிரித்தார். ஒரு வாரத்தில் உங்களைச் சோற்றுக்கு எழுப்புவதே எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

கேமில் பரிசுப் பணம் கிடைத்ததும் எல்லோரும் பெரிய எஞ்சினைத்தான் வாங்குவார்கள். நீங்களோ முதலில் டயர், அப்புறம் பிரேக். அதுவும் மூன்று பந்தயம் ஜெயித்த பிறகுதான் ஒரு சாமான். நான் அவசரப்பட்டால், "வண்டி நம்மளவிட ஒரு புடி கம்மியாவே இருக்கோணும் அம்முணி. அப்பத்தான் ஓட்டறது நாமன்னு தெரியும்" என்பீர்கள். எனக்கோ பொறுமை கிடையாது. அது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

மலைப்பாதைப் பந்தயம் மட்டும் நமக்குப் பிடிகொடுக்கவில்லை. பதினோரு தடவை தோற்றோம். கடைசி வளைவில் ஒரு நீலக் கார் வந்து முந்திவிடும். அந்த மலைப் பந்தயத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வொரு காரின் பலத்துக்கும் கேம் ஒரு மதிப்பெண் போடும். எல்லையைத் தாண்டிய காரை அந்தப் பந்தயத்தில் சேர்க்காது.

நீங்கள் பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். திரும்பி வந்ததும் அண்ணன் ஜெயிக்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் புத்தியில் இருந்தது; அந்த மதிப்பெண் எல்லை நினைவுக்கே வரவில்லை. சேர்த்து வைத்திருந்த பரிசையெல்லாம் கொட்டி, எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ மாட்டினேன். காரின் உடம்பைச் செதுக்கி எடையைக் குறைத்தேன். இதைத் திரும்ப மாற்ற முடியாது, சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன்.

நீங்கள் வீட்டுக்கு வந்து ஆசையோடு மலைப் பந்தயத்தைத் திறந்தீர்கள். சேர்க்க மாட்டேன் என்றது. டர்போவைக் கழற்றினோம். அப்போதும் மதிப்பெண் எல்லைக்கு மேலேதான். செதுக்கிய எடையைத் திருப்பி ஒட்டவா முடியும்? நீங்கள் டர்போவை மறுபடி மாட்டி, வேறொரு பந்தயத்தில் ஓட்டி, அரைச் சுற்று முன்னால் வந்து முடித்தீர்கள். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "ஆளே இல்லாத ரோட்டுல போற மாதிரி இருக்குது அம்முணி" என்றீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் உங்களுக்கு இருந்தது ஒன்பது நாள். கடைசி நாள் சாயங்காலம், டீ குடிக்கும்போது, "நாளைக்கு மலை ரேசு நீ ஓட்டு" என்றீர்கள்.

"அதுலதான் நம்ம வண்டியச் சேத்தமாட்டீங்குதுங்களேண்ணா."

நீங்கள் டம்ளரைப் பார்த்துச் சிரித்தீர்கள். மறுநாள் காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் டிவி மேல் துணியைப் போட்டு மூடி வைத்தேன். அண்ணனுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தையும் கெடுத்தவள் நான் என்று யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணிதான் அந்தத் துணியை எடுத்தார். "அவரு வண்டி அதுக்குள்ள சும்மா நிக்குது கண்ணு. ஒருக்கா ஓட்டிப் பாரு" என்றார்.

மலைப் பந்தயத்தைத் தொட்டேன். திறந்துவிட்டது.

புரியாமல் காரின் சாமான் பட்டியலைப் பார்த்தேன். டர்போ இல்லை. கடைசி வரியில் எடைக்கட்டி, அறுபது கிலோ, கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தது. காருக்கு எடை ஏற்றி மதிப்பெண்ணைக் குறைக்கவும் ஒரு சாமான் விற்கிறது என்பதை நான் கவனித்ததே இல்லை. காலமெல்லாம் பாரம் ஏற்றிய உங்கள் கண்ணுக்கு அது தப்புமா? அரைச் சுற்று முன்னால் முடித்த அந்த ஒற்றைப் பந்தயத்தில் வந்த பரிசில், நான் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வாங்கியிருக்கிறீர்கள். சரி செய்த காரை நீங்கள் மலைப் பந்தயத்தில் ஒருமுறைகூட ஓட்டவில்லை. தோற்ற கணக்கு அதே பதினொன்றில்தான் நிற்கிறது. எனக்கென்று விட்டு வைத்தீர்களா? ஏன் சொல்லவில்லை அண்ணா?

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓட்டினேன். கடைசி வளைவில் அந்த நீலக் கார் வந்து முந்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி என் முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். அதிலும் இரண்டாவதுதான்.

ஜெயிப்பேனா என்று தெரியவில்லை. ஜெயித்தால் இந்தக் காரில்தான் ஜெயிப்பேன். நீங்கள் ஏற்றிய அறுபது கிலோவில் ஒரு கிலோவைக்கூட இறக்க மாட்டேன். இது சத்தியம்.

இனிமேல் அவசரப்படாத உங்கள் தங்கை,
பூங்கொடி