ஆரோ ஸ்டிக்கர்

மண்ணரை,
4.8.2025

என் ராசா மாரிச்செல்வத்துக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன். மூன்று வேளையும் யாரோ ஆக்கிப் போட, தட்டுகூடக் கழுவாமல் இருப்பாய், துரைக்கு என்ன குறை! அஞ்சாப்பு படித்தவள் எழுத்து, சிரிக்காமல் படி. கூர்நோக்கு இல்லத்தில் போன் கிடையாதாம், உன் போனும் போலீசில். அதனால்தான் இந்தக் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை மனு எழுதிக் கொடுத்து உன்னைப் பார்க்க வந்தேனே, என் முகத்தையே பார்க்கவில்லை நீ. என் மூக்கு அவ்வளவு கோரமாகவா இருக்கு ஏலே? இருபதாம் தேதி இளைஞர் நீதிக் குழுமத்தில் உன்னை விசாரிப்பார்கள். என்ன சொல்லப் போகிறாய் என்று வக்கீல் கேட்கிறார். எழுது எய்யா.

உன் அம்மா
ராமாயி


9.8.2025

அம்மாவுக்கு,

சுகம். கூடப் படிக்கிற சத்யப்பிரியா தானே தன்னை அந்த மாதிரிப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் ஒருத்தனுக்கும் காட்டவில்லை. வீட்டில் மாட்டியதும் என்னைக் கைகாட்டிவிட்டாள். இல்லாவிட்டால் போலீசுக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு ஆகாதவள் படத்தை வைத்திருந்த என் மேல் வழக்கு என்றால், அனுப்பிய அவள் மேலும் போடலாமாம். இங்கே ஒரு அண்ணன் சொன்னான். இருபதாம் தேதி அதைத்தான் சொல்வேன். அவளும் உள்ளே வரட்டும். பிளஸ் டூ எனக்கு மட்டும்தான் போகணுமா?

மாரி


மண்ணரை,
13.8.2025

எய்யா மாரி,

கேலி பேச வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை யாரிடமும் மூச்சு விடவில்லை. காட்டிக்கொடுத்தது நான்.

அன்று காலையில் உன் போன் அலாரம் விடாமல் அலறியது. நிறுத்தத் தெரியாமல் கண்டபடி தட்டினேன். படம் வந்து நின்றது. பதறிப்போனேன். பதினாறு வருஷம் பனியன் கம்பெனி செக்கிங்கில் நின்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பனியனில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஆரோ ஸ்டிக்கர் ஒட்டி சூப்பர்வைசர் மேடத்திடம் கொடுக்கணும். மறைத்தால்தான் தப்பு, கொடுத்தால் சரிபண்ணி விடுவார்கள். அதே நினைப்பில் உன் போனைக் கொண்டுபோய் உங்கள் பள்ளிக்கூடத்து சித்ராதேவி மேடத்திடம் நீட்டினேன். "ரெண்டு பேத்தையும் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றேன்.

"ஐயோ ராமாயிக்கா, இதப் பாத்துட்டு நான் சும்மா இருந்தா என்னையும் புடிப்பாங்க, சட்டம் அப்படி" என்று சொல்லிக்கொண்டே போலீசுக்குப் போனைப் போட்டுவிட்டது. காலைப் பிடித்தேன், நிற்கவில்லை.

நேற்று ரேஷன் கடையில் பிரியா வந்து, "ஏனுங்க அத்தை, மாரி சாப்புடறானுங்களா?" என்று கேட்டது. இப்போது பள்ளிக்கூடம் போவதில்லையாம். என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என்னைத் திட்டு, எப்படி வேணாலும் திட்டு. அந்தப் பிள்ளையை விட்டுவிடு.

ராமாயி


21.8.2025

அம்மாவுக்கு,

நேற்று விசாரித்தார்கள். அவளாக அனுப்பவில்லை, நான்தான் தொல்லை பண்ணிக் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். இனி ஜாமீன் கஷ்டமாம். பரவாயில்லை, அவள் மேல் வழக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை மனு பார்க்க வர வேண்டாம். அடுத்த வாரமும் வேண்டாம்.

மேடத்திடம் போகுமுன் என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். பக்கத்தில்தானே படுத்திருந்தேன்.

மாரிச்செல்வம்